எர்த்துக் குழி

சங்க ஆபீசில் நெட்வொர்க் ரேக் வைக்க அறையைத் தயார் செய்யும் வேலை எனக்கு. அறைக்குள் எல்லாம் முடித்துவிட்டு, ஆபீசில் எல்லாரும் போன பிறகு பின்முற்றத்தில் எர்த்துக் குழி தோண்டினேன். அதில் செம்புத் தகட்டை இறக்கி, சுற்றிலும் உப்பும் கரியும் போட்டேன். ரேக்குக்குக் கம்பி இழுப்பதைக் காலைக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்தால் குழியைக் காணோம். மண்ணள்ளி மூடி, மேலே மஞ்சள் தண்ணீரும் தெளித்திருந்தார்கள்.

“குளோரி, ஆரோ சங்கத்துக்குக் கூடோத்ரம் வச்சதாக்கும்,” என்றார் செயலாளர் சதாசிவன். “தகடு, உப்பு, கரி எல்லாம் உண்டு. நான்தான் மூடச் சொன்னேன்.”

படித்து வாங்கிய டிப்ளமோ என்னத்துக்கு? ஒரே ராத்திரியில் என்னைச் சூனியக்காரி ஆக்கிவிட்டார்கள். மண்வெட்டியை எடுத்து அதே இடத்தில் ஓங்கி வெட்டினேன்.

“தொடாதே மக்கா, தோஷமாக்கும்!” என்று அலறினார்.

“ஆமா சாரே, கூடோத்ரமாக்கும். நான்தான் வச்சேன். இடிக்கு வச்சது! ஐப்பசியில துலாமழைக்கு இடி விழுந்தா இந்தக் குழிக்குள்ள போகணும். குழி இல்லேன்னா ரேக்குல ஏறும். ரேக்குக்குப் பக்கத்துல ஆருக்க மேசை கெடக்கு?”

சதாசிவன் சன்னல் வழியாகத் தன் மேசையைப் பார்த்தார். பிறகு உப்புச் சாக்கை அவரே இழுத்துக்கொண்டு வந்தார்.

“இன்னும் கொஞ்சம் கூடப் போடு, மக்கா.”