ஜூனுக்குள் போயிருப்பேன்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்மீது வந்த புகார். மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் தமிழில் கதை எழுதுகிறேன். இரண்டு வேலைக்கும் ஆசிரியர் என்ற ஒரே சொல்தான். இரண்டிலும் நான் ஒரே அளவுக்குத்தான் தேறியிருக்கிறேன் என்பதால் தமிழுக்கும் சிரமமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காயலின் மேல் கருமேகங்கள் கவிந்திருந்த அந்த மாலையில், ஒரு பெண்ணின் நெஞ்சில்—'

வேண்டாம். அது பிப்ரவரி. மேகமே இல்லை. நேரம் காலை ஆறேகால். பெண்ணின் கையில் இருந்தது தோசைக் கரண்டி.

2

பாண்டிச்செல்வி எர்ணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவன் அழகர் மாநகராட்சி லாரி ஓட்டுகிறான். இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அயர்லாந்தில் வேலைக்குப் போக ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அதற்காகத்தான் செல்வி என்னிடம் வந்தாள்.

அந்த வாரப் பாடம் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட். இனி வரப்போகும் ஒரு நாளில் போய் நின்றுகொண்டு, அதற்குள் முடிந்திருக்கும் காரியத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது. முதலில் வில், அப்புறம் ஹேவ், அதன் பிறகு வினையின் மூன்றாம் வடிவம். 'பை ஜூன், ஐ வில் ஹேவ் கான்.' வீட்டுப்பாடமாகப் பத்து வாக்கியங்கள் கொடுத்தேன்: தமிழ்ப் பொருளோடு, சத்தமாகப் படிக்க.

அழகர் தலை துவட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் வந்தபோது ஆங்கிலம் முடிந்துவிட்டது, ஜூனும் முடிந்துவிட்டது. காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"நான் போயிருப்பேன்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. 'ஜூனுக்குள் போயிருப்பேன்' என்றால் இனிமேல் நடக்கப்போவது. அந்த ஜூனை எடுத்துவிட்டு மொட்டையாகச் சொன்னால், 'உன்னைக் கட்டிக்காம இருந்திருந்தா எப்பவோ போயிருப்பேன்' என்றும் கேட்கும். ஆங்கிலத்தில் முன்னதற்கு வில், பின்னதற்கு வுட். பதினோரு வருடமாக இதைக் கற்பிக்கிறேன். வீட்டில் யாராவது இருக்கும்போது உரக்கப் படிக்க வேண்டாம் என்று ஒரு வகுப்பில்கூட எச்சரித்ததில்லை.)

அழகர் தோசையைத் தொடாமல், நின்றபடியே சாயாவைக் குடித்துவிட்டு லாரி எடுக்கப் போனான்.

3

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. நான்காம் நாள் வகுப்பு கலையும் நேரத்தில் மாடியேறி வந்தான்.

"சாரே, என் வீட்டுக்காரிக்கு நீங்க எந்தா படிப்பிக்கிறீங்க?"

"இங்கிலீஷ்."

"என்னை விட்டுட்டுப் போயிருக்கலாம்னு சொல்லவும் அதுல பாடமுண்டோ?"

நடந்ததைச் சொன்னான். கரும்பலகையில் கோடு போட்டு, இங்கே இன்று, அங்கே ஜூன், இது வில், அது வுட் என்று விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. கேட்டு முடித்து அவன் சொன்னான்:

"பாதி மனசிலாகல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ சொன்னது வில்லா, வுட்டா?"

"வில்தான்."

"உறப்பா?"

"உறப்பு," என்றேன். நிச்சயம் என்று சொல்ல, சமையலறையில் நானா இருந்தேன்?

4

இங்கே ஒரு வாக்குமூலம். முதல் வரைவில் அழகரை நோட்டுப் புத்தகத்தைக் கிழிக்க வைத்தேன், தட்டை வீச வைத்தேன். கோபக்காரக் கணவனை எழுதுவது சுலபம். தானாகவே நாலு பக்கம் நடப்பான். ஆனால் நிஜமான அழகர் செய்தது கதைக்கு உதவாத காரியம். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான், செல்வி ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

இரண்டாம் நாள் பலகையில் என் வழக்கமான எடுத்துக்காட்டை எழுதினேன்: 'ஓணத்துக்குள் நான் என் நாவலை முடித்திருப்பேன்.'

அழகர் கையைத் தூக்கினான். "எந்த ஓணம், சாரே?"

(ஆறு வருடமாக அதே எடுத்துக்காட்டு. இதுவரை ஒரு மாணவரும் கேட்டதில்லை. அவனைக் கதையிலிருந்தே நீக்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.)

5

ஒரு வாரம் கழித்து, செல்வியின் ஷிப்ட் முடியும் நேரத்தில் அழகர் எர்ணாகுளம் படகுத்துறையில் போய் நின்றான். இருவரும் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் அங்கே இல்லை. செல்வி பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். காயல், காற்று, அந்திச் சூரியன் எதையும் அவள் சொல்லவில்லை, எனவே அவை கிடையாது.

"செல்வி, அன்னைக்கு நீ சொன்னது வில்லா, வுட்டா?"

அவன் வாயில் அந்தச் சொற்களைக் கேட்டுத் திகைத்துப்போனாள்.

"வாய் சொன்னது வில். பாடம் அதானே."

"மனசு?"

"மனசு வுட்."

அழகர் தலையாட்டினான்.

"கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒரு வேலை வந்துது," என்றாள். "அயர்லாந்துலதான், இதே பரீட்சை மட்டும் பாக்கி. வேண்டாம்னு நானே எழுதிப் போட்டேன். உங்ககிட்ட சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா, போய்ட்டு வான்னு சொல்லியிருப்பீங்க. நானும் போயிருப்பேன். அப்புறம் நம்ம கல்யாணம் எங்க நடக்க?"

படகு மட்டாஞ்சேரி சேர்ந்தது. இறங்கும்போது கேட்டான்: "பரீட்சை என்னைக்கு?"

6

மார்ச்சில் தேறினாள். வேலையும் கிடைத்தது. எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் தேடி அலைந்து ஒரு கம்பளிச் சட்டை வாங்கிய அழகர், அளவு பார்க்கக் கடையிலேயே தான் போட்டுப் பார்த்து வியர்த்துக் கொட்டினான்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் விமான நிலையம், கையசைப்பு. மற்றதில் அவள் டிக்கெட்டைக் கிழிக்கிறாள். இருவருக்கும் மலையாள எழுத்துதான் பழக்கம் என்பதால் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டுலயும் நான் அழுதுட்டே இருக்கேன், சாரே," என்றாள் செல்வி. "டிக்கெட்டை இப்ப யாரு கிழிக்கிறாங்க? போன்லல்லோ இருக்கு."

"ரெண்டுலயும் நான் சும்மா நிக்கிறேன்," என்றான் அழகர்.

இரண்டையும் நீக்கிவிட்டேன்.

இதை எழுதுவது மே மாதம். நீங்கள் படிக்கும்போது ஜூன் கடந்திருக்கும். செல்வி அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள். தெரியாதது அழகர் விஷயம்தான். பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். ஆனால் மாநகராட்சி வேலை நிரந்தரம். விட்டால் திரும்பக் கிடைக்காது. போன ஞாயிற்றுக்கிழமை லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் போய், போவானா மாட்டானா என்று நேராகவே கேட்டேன். கதை நிற்கிறதே, என்ன செய்ய?

அவன் வேறொன்று கேட்டான்.

"அங்க லாரிக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம், சாரே?"

"நம்ம பக்கம்தான்."

துணியைப் பிழிந்து கண்ணாடிமேல் காயப்போட்டான். "அப்படியா," என்றான்.

இதற்குமேல் எனக்குத் தெரியாது. இந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள்: அடுத்த ஜூனுக்குள் அழகர்