மீனாக ஓடிய நாத்தனார்

உயிர்மீனை இரையாகக் கோத்துக் கடலில் தூண்டில் போட ரீல் வாங்க வந்த தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்காரர் நீட்டிய பளபளப்பான ரீலில் சுற்றியிருந்த தூண்டில் நரம்பின் முனையை, கூட வந்த நாத்தனாரின் பெல்ட்டில் கட்டி, "ஓடு" என்றாள்.

"இதென்ன கூத்து" என்று கடைக்காரர் முறைத்தார்.

வாசலிலேயே நரம்பு வெடுக்கென்று இழுத்தது. "இரையைக் கவ்வினதுமே இப்படி இழுத்தா மீன் துப்பிட்டுப் போயிடும், அண்ணி."

அடுத்த ரீலின் பின்னால் ஒரு விசை இருந்தது. அதைத் தட்டியதும் நரம்பு தாராளமாக ஓடியது. நாத்தனாரும் தலைதெறிக்க ஓடினாள். அவள் தெருமுனையைத் தொட்டபோது தையல்காரி கைப்பிடியைச் சுற்ற, விசை விழுந்து நரம்பு இறுகியது. ஓடியவள் சிலையாக நின்றாள்.

"கட்டியிருக்கறதே தெரியல, அண்ணி" என்றாள், மூச்சிரைக்கத் திரும்பி வந்து.

"அப்ப இதுதான்."

"பில்லு அப்புறம் போடலாம்" என்ற கடைக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டு நரம்பு முனையைத் தன் பெல்ட்டில் கட்டிக்கொண்டார்.