பெரிய பிளொக்

கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. ராஜலிங்கம் அவற்றை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இணையத்தில் படமாக மட்டுமே கண்டிருந்த வோட்டர் பிளொக், இந்த யுத்தக் காலத்தில், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு மாடிக் கடையில் கிடைக்குமென்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

அவனும் ரபீகாவும் கட்டுகஸ்தோட்டையில் சிறிய வரைபட அலுவலகம் நடத்தினார்கள். பிலிமத்தலாவையில் ஹோட்டல் கட்டப்போகும் முதலாளி மறுநாள் வருகிறார். இன்னும் கட்டாத ஹோட்டலுக்குள் அவரைக் கணினித் திரையிலேயே நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் படிக்கட்டில் ஏறத் தொடங்கியதுமே கிராபிக்ஸ் கார்ட் கொதித்துத் திரை அப்படியே நின்றுவிடும். அதன் மேல் வோட்டர் பிளொக் என்ற செப்புக் கட்டியைப் பொருத்தி, உள்ளே தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டை இழுப்பதுதான் மிஞ்சிய வழி.

"சின்னத்தையே எடுப்பமே," என்றாள் ரபீகா. "எந்தக் கார்டுக்கும் சரிவரும்."

"அது நடுச் சில்ல மட்டுந்தான் மூடும்க்கா. சுத்தியிருக்கிற மெமரியெல்லாம் வெந்துபோகும். பெரிசு கார்டையே மொத்தமா அணைச்சுக்கும்."

"பொருந்தாட்டி? ஒரு ஸ்குரூத் துளை தள்ளி ஈந்தாலும் வேல முடிஞ்சுது."

விசிறியைக் கழற்றிய கார்ட், துவாயில் சுற்றிய நிலையில் அவன் பையில்தான் இருந்தது. ஆனால் பெட்டியைப் பிரித்தால் திருப்பி எடுக்கமாட்டேன் என்று கடைக்கார முஹம்மது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராஜலிங்கம் பெட்டியின் மேலிருந்த படத்தோடு கார்டைத் துளை துளையாக ஒப்பிட்டான்.

"பெரிசுதான்க்கா. தப்பாப்போனா என்னையத் திட்டுங்க."

"திட்டத்தான் போறேன். எடுங்க!" என்று சிரித்தாள்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. திரும்பும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். ராஜலிங்கத்தின் அடையாள அட்டையில் புசல்லாவைத் தேயிலைத் தோட்ட முகவரியைப் பார்த்துத் தமிழன் என்று கண்டுகொண்ட சிப்பாய், பையைத் திறந்து, பிளொக்கோடு வாங்கிய குழாய்களையும் குட்டிப் பம்பையும் வெளியே இழுத்தான்.

"மொகக்த மே?" என்ன இது என்று சிங்களத்தில் அதட்டினான்.

கூட்டம் பின்வாங்கியது. கணினியைக் குளிர்விக்கும் சாமான் என்று ரபீகா சிங்களத்தில் விளக்கினாள். சிப்பாய் நம்பவில்லை. ராஜலிங்கத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் பஸ்ஸைப் போகச் சொன்னான். நடத்துனர் ரபீகாவை ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை.

"நீங்க போங்கக்கா," என்றான் ராஜலிங்கம் மெதுவாக.

"சும்மா ஈங்க."

பஸ் புறப்பட்டுப் போயிற்று. சார்ஜன்ட் வந்து பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். ராஜலிங்கம் ஒட்டுநாடாவைக் கிழித்தான். இனித் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. செப்பு வெயிலில் பளீரென்றது. எதற்கு இது, செய்துகாட்டு என்றார் சார்ஜன்ட்.

சோதனைச் சாவடியின் மர மேசையில் துவாயை விரித்துக் கார்டை வைத்தான். பிளொக்கை இரண்டு கையாலும் தூக்கி மெல்ல இறக்கினான். முதல் துளை நேராக நின்றது. அடுத்ததும் நின்றது. குனிந்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தான். எந்த இடத்திலும் இடிக்கவில்லை, எந்தச் சில்லும் வெளியே தெரியவில்லை.

"பொருந்திருச்சு! அக்கா, பொருந்திருச்சு!"

அவன் போட்ட சத்தத்தில் இரண்டு துப்பாக்கிகள் நிமிர்ந்தன. ரபீகா இரண்டு கையையும் உயர்த்தியபடியே, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். துப்பாக்கிகள் தயங்கித் தாழ்ந்தன.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. ராஜலிங்கத்தின் அடையாள அட்டையோடு சாவடிக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார். ராஜலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ரபீகா கார்டை ஆடாமல் பிடித்துக்கொள்ள, முதல் ஸ்குரூவைத் துளையில் வைத்து நகத்தால் திருகத் தொடங்கினான். சிப்பாய் கழுத்தை நீட்டி, இரண்டாவது ஸ்குரூவை அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தான்.