பெண்கள் போன பக்கம்

1

ஆறு மணிக்கு அலாரம். கேத்திலைப் போடுவான். ஒரு கோப்பையை எடுப்பான். இரண்டு துண்டுப் பாண், மார்ஜரின். ரேடியோவில் வானிலை கேட்பான். ஆறு நாற்பதுக்குக் கதவைப் பூட்டி டூங்கபி ஸ்டேஷனுக்கு நடப்பான். அடுத்த ஸ்டேஷன் செவன் ஹில்ஸ். அங்கே இறங்கி, பெயின்ற் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்குள் ஏழு இருபதுக்கு நுழைவான். பெயின்ற் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று அளப்பது அவன் வேலை. பதினொரு மாதமாக இப்படித்தான்.

ஒரு கதையை இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வேறு நான்கு தொடக்கம் எழுதினேன். ஒன்று, 'காலை வெயிலில் அந்தப் பாறை' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டது. இன்னொன்று அவன் மனைவியின் மரணத்தில் தொடங்கியது. அது ஒரு வரிக்கு மேல் வரவில்லை: பஸ் தரிப்பிடத்தில் விழுந்தாள், மூளையில் இரத்தக் கசிவு, இருபத்தெட்டு வயது.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவன் நான். ஆனாலும் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாம் வரியிலேயே அழகாகத் துக்கப்படத் தொடங்கிவிட்டேன். 'அவன்' அப்படிச் செய்யமாட்டான். அவனுக்குப் பெயர் வரதராஜா.

2

அவள் இறந்து பன்னிரண்டாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து மாமியின் கடிதம் வந்தது. 'பிள்ளை கடைசியாக என்ன சொன்னவள் என்று எழுதுங்கோ தம்பி.'

அவள் கடைசியாகச் சொன்னது ஒரு தாய்க்கு எழுதக்கூடியதாக இல்லை. அவன் ஒரு மாலை முழுக்க இருந்து ஒரு வசனம் செய்தான்: 'தங்கச்சியைக் கைவிட்டிடாதேங்கோ.' சின்ன வசனம். எந்த அக்காவும் சொல்லக்கூடியது. தாய்க்கு ஆறுதலாக இருக்கும், யாருக்கும் நோகாது என்று நினைத்தான். அடுத்த நாளே தபாலில் போட்டான்.

அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டில் அது வந்தது. (தெரியாதவர்களுக்கு: முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவரின் படம், குடும்ப விபரம், ஊர்ப் பண்டிதர் ஒருவர் கட்டிய பாட்டு.) பண்டிதர் அவனுடைய வசனத்தை ஒரு வெண்பாவின் கடைசி அடியில் இருத்தியிருந்தார். இருநூற்றைம்பது பிரதி. என் எழுத்தில் முதலில் அச்சேறியது அதுதான்.

மனைவியை இழந்தவனுக்கு அவள் தங்கையைக் கட்டிவைப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. இப்போது அதற்கு இறந்தவளின் வாக்கே கிடைத்துவிட்டது. ஒன்பதாம் மாதம் தங்கை யோகா சிட்னியில் வந்து இறங்கினாள். மூன்று மாத விசா. செவன் ஹில்ஸில், எங்கள் ஊர்க்காரர் அரியரத்தினம் அங்கிள் வீட்டில் தங்கினாள். வயது இருபத்தைந்து, கணித ரீச்சர். முதல் முறை அவன் வீட்டுக்கு வந்தபோதே, குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"அத்தான், கல்வெட்டில இருக்கிறது அக்கா சொன்னதுதானே?"

அவன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா நான் நிப்பன். சொல்லேல்லையெண்டா போவன். பள்ளிக்கூடத்தில லீவுதான் போட்டனான், வேலையை விடேல்லை. எனக்கு ரெண்டும் ஏலும். உண்மை மட்டும் தெரிய வேணும்."

"பிறகு கதைப்பம்."

"ஓம், பிறகு கதைப்பம். நவம்பர் பதினெட்டுக்கு முதல். அண்டைக்கு விசா முடியுது."

(அவன் ஏன் அப்போதே சொல்லவில்லை? மூன்று காரணம் எழுதினேன். மாமியின் வயது. அச்சேறிய எழுத்து. இரண்டையும் வெட்டிவிட்டேன். மூன்றாவதை விடுகிறேன்: எதிர்க் கதிரையில் ஒருவர் இருந்து தேத்தண்ணி குடிப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.)

3

பாறைக்குப் போகும் யோசனை அரியரத்தினம் அங்கிளுடையது. "பிள்ளை ஒண்டும் பாக்காமல் திரும்பப் போறதே? துறைமுகப் பாலத்தை எல்லாரும்தான் பாக்கினம். இந்த மண்ணின்ர சனங்கள் கும்பிடுற இடம் ஒண்டு இருக்காம், அவையளே கூட்டிக்கொண்டு போயினமாம்." மாதத்தில் இரண்டு ஞாயிறு. ஒரு முறைக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லை. நடைதான். ஏறுவது கிடையாது. 'ஏறுவது கிடையாது' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது.

பாறையின் பெயரையும் இடத்தையும் நான் எழுதவில்லை. எழுதலாமா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. கேட்காததால் எழுதவில்லை. சிட்னியிலிருந்து வான் வண்டியில் இரண்டு மணி நேரம் என்பது போதும். மணற்கல். ஒரு பெரிய கோயிலின் சுற்றளவு இருக்கும். தேன் நிறம், அதற்கு மேல் துருவின் நிறம், அதற்கும் மேல் மழை கரியாகக் கீறிய கோடுகள். அவன் நிறங்களோடு வேலை செய்பவன். அந்த மஞ்சளுக்கு எதை எதோடு கலக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். பாதியில் விட்டான். பல மாதத்துக்குப் பிறகு ஒன்றைச் சும்மா பார்த்தான்.

வழிகாட்டியின் பெயர் மர்லீன். முப்பது வயது இருக்கும். அந்த மண்ணுக்குரிய ஆதிக்குடிப் பெண். அவளுக்குக் கொடுத்திருந்த உத்தியோகத் தொப்பி தலையைவிடப் பெரிது, அதை விசிறியாக வைத்திருந்தாள். (மர்லீன் பேசியது இங்கிலீஷ். அதை யாழ்ப்பாணத் தமிழில் போட்டுப் பார்த்தேன், அவள் சுன்னாகத்தில் பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். பொதுத் தமிழில் தருகிறேன்.)

பாதை தொடங்கும் இடத்தில் அவள் பாறையைப் பார்த்து, தன் மொழியில் உரக்க ஏதோ கூப்பிட்டாள்.

"யார் யார் வந்திருக்கிறோம் என்று சொன்னேன்" என்றாள். "கதவைத் தட்டாமல் ஒரு வீட்டுக்குள் போவீர்களா?"

பத்து அடி நடந்து திரும்பிப் பார்த்தாள். பாதையின் தொடக்கத்தில் இரண்டு சோடிச் சப்பாத்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. வரதராஜாவும் யோகாவும் வெறுங்காலுடன் நின்றார்கள்.

"என்ன இது, பாம்புகளுக்கு வசதி செய்து கொடுக்கிறீர்களா?"

"புனிதமான இடம் என்றீர்கள்" என்றான் அவன்.

மர்லீன் அவர்களுடைய கால்களைச் சற்று நேரம் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நல்ல மரியாதை. என் பெரியம்மாவிடம் சொல்வேன், சந்தோஷப்படுவாள். இப்போது போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி தூரம்."

அதோடு முடியவில்லை. பாறையின் அடிக்குப் போனதும் யோகா பையிலிருந்து தேங்காயை எடுத்தாள். பரமற்றாவில் தேடி வாங்கியது. பின்னால் கற்பூரமும் வந்தது.

"யோகா, என்ன செய்யிறீர்?"

"வெறுங்கையோட வாறதே அத்தான்?"

மர்லீன் தேங்காயை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தாள். உடைக்க வேண்டும் என்று யோகா விளக்கினாள். "சிதறினதை யார் பொறுக்குவது? நான். நெருப்பு மூட்டினால் யார் பதில் சொல்வது? அதுவும் நான்." தேங்காயைத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தப் பாறை உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, பெண்ணே. நடந்தால் போதும்."

யோகா பையை மூடினாள். கோபப்படுவாள் என்று அவன் பார்த்தான். "இது நல்ல சாமி" என்றாள் தமிழில்.

4

அன்று ஆறு பேர். இரண்டு தாதிகள், ஒரு ஜெர்மன்காரி, கென் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர், இவர்கள் இருவர்.

மர்லீன் நடக்கும் விதத்தை எழுத ஆசை. அவள் பாறைக்கு முன்னால் நடக்கமாட்டாள், பக்கத்தில் நடப்பாள், ஒரு பெரியவருடன் கடைக்குப் போகிறவள் மாதிரி. இந்த இலையைக் கசக்கு என்பாள். இந்தக் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும் என்பாள். தனக்கு முன் இந்த வழியில் ஆட்களைக் கூட்டிவந்தவள் எட்டு மாதத்துக்கு முன் இறந்துவிட்டாள், அன்றிலிருந்து தான் கூட்டிவருவதாகச் சொன்னாள். ஒரு தாதி பெயரைக் கேட்டாள். "இப்போதைக்கு நாங்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அது எங்கள் வழக்கம்." (இதை எழுதும்போது, இந்தக் கதையின் பழைய தாள்களில் வரதராஜாவின் மனைவிக்கு இருந்த பெயரை எடுத்துவிட்டேன்.)

ஒரு வெடிப்பின் முன்னால் நிறுத்திக் கதை சொன்னாள். இரண்டு சகோதரர், ஒரு நீண்ட நடை, ஒரு சண்டை. அவ்வளவுதான் எழுதுவேன். கையால், தோளால், மூச்சால் சொன்னாள். சண்டை முற்றும் இடத்தில் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் கென்.

"எனக்குத் தரப்பட்டது இவ்வளவுதான். மிச்சம் வேறு ஆட்களிடம் இருக்கிறது."

"அட, ஏதாவது கட்டிச் சொல்லம்மா. எங்களுக்குத் தெரியவா போகிறது?"

"உங்களுக்குத் தெரியாது கென். நான் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் என் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். வரதராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமாக, மாதம் இரண்டு முறை, காசு கொடுத்து வந்தவர்களின் முகத்துக்கு நேரே 'இவ்வளவுதான்' என்று சொல்லி நிற்கிறாள். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கிழவிக்கு, அதைச் சொல்ல அவனால் முடியவில்லை.

5

பாதை பிரியும் இடத்தில் மர்லீன் சொன்னாள்: "இனிமேல் அந்தப் பக்கம் பெண்களுடையது. ஆண்கள் இந்த மரத்தடியில் இருங்கள்."

ஆக, வலம் வர முடியாது. கோயிலைச் சுற்றப் பழகிய கால்கள் பாதியில் நின்றன. கோயிலில் சாதி சொல்லி உள்ளே விடாமல் நிறுத்தப்பட்டவர்களை அவன் ஊரில் கண்டிருக்கிறான். அவர்களைச் சிறுமைப்படுத்தவே வாசலில் கயிறு கட்டப்பட்டிருந்தது. இங்கே தன்னை நிறுத்தியதில் சிறுமை ஏதும் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. ஒரு வீட்டில் ஒரு அறை தன்னுடையது இல்லை, அவ்வளவுதான்.

"ஐம்பது வருடமாகக் கதவுக்கு வெளியே நின்றவன் நான்" என்றார் கென். "தபால்காரனுக்கு இது பழக்கம்."

மரத்தடியில் நாற்பது நிமிடம்.

(இந்த இடத்தில், பாறையின் அந்தப் பக்கத்தில் யோகா கண்டதும் கேட்டதும் வர வேண்டும். கதை சொல்பவன் எங்கேயும் நுழையலாம் என்பார்கள். பூட்டிய வீடு, அடுத்தவர் மனம். நானும் நுழைந்து ஒன்றரைத் தாள் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. 'தங்கச்சியைக் கைவிட்டிடாதேங்கோ' வந்த மாதிரி. கிழித்துவிட்டேன்.)

6

பெண்கள் திரும்பி வந்தார்கள். யோகாவின் கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது. அவன் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"மர்லீன் என்ன சொன்னா?"

"அது ஆம்பிளையளுக்கு இல்லை அத்தான்."

"கொஞ்சமாவது?"

"கொஞ்சமும் இல்லை. கெஞ்சாதேங்கோ."

அரை மணி நேரத்துக்கு முன் கிடைத்ததை அவள் அதற்குள் காவல் காக்கத் தொடங்கிவிட்டாள். அவன் அவளைப் புதிதாகப் பார்த்தான். பிறகு, இந்த ஆளிடம் இனியும் பொய்யை வைத்திருக்க முடியாது என்று தெரிந்தது.

"யோகா. கல்வெட்டில இருக்கிறது நான் எழுதினது."

அவள் நின்றாள். "முழுக்கவோ?"

"முழுக்க."

"அக்கா என்ர பேரே எடுக்கேல்லையோ?"

"இல்லை."

பாதையோரக் கல்லில் இருந்தாள். மற்றவர்கள் முன்னால் போனார்கள். "அம்மா அதைப் பாடமாக்கிப்போட்டா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை படத்துக்கு முன்னால நிண்டு சொல்லுறவ. நான் பிளேன் ஏறினது அந்த ஒரு வசனத்துக்கு." குரல் உயரவில்லை. "என்னைக் கேக்காமல் என்னை எடுத்து ஆருக்கோ குடுத்திட்டியள், அத்தான்."

"ஓம்."

"ஓம் எண்டுறதுக்கு வெக்கமில்லையோ?"

"இருக்கு."

அவள் ஒரு குச்சியை எடுத்து முறித்தாள். இன்னொன்றையும் முறித்தாள்.

"மாமிக்கு நான் எழுதிறன்" என்றான்.

"ஐயோ, வேண்டாம். நீங்கள் எழுதினா நல்லா எழுதிப்போடுவியள்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனுக்கும் வந்தது. பதினொரு மாதத்தில் முதல் முறை என்று எழுதத் தோன்றுகிறது. (நிச்சயமில்லை. வெட்டலாம்.)

அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். "அப்ப அக்கா உண்மையா என்ன சொன்னவ?"

7

முடிவுகள்.

அவள் நவம்பர் பதினெட்டில் விமானம் ஏறுகிறாள். தைமாதம் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பிக்கிறாள்.

அவள் போகவில்லை. யாருடைய வாக்குக்காகவும் இல்லாமல், தானாகவே—

அவள் போகிறாள், ஒரு வருடம் கழித்து ஒரு கடிதம்—

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது யோகாவுடையது, சொல்ல எனக்குத் தரப்படவில்லை. கென்னைப் போல 'ஏதாவது கட்டிச் சொல்லும்' என்பீர்களானால், நீங்களே ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அச்சடிக்க மட்டும் வேண்டாம்.

அவளுடைய கேள்விக்கு மட்டும் பதில் இருக்கிறது. வான் வண்டியை நோக்கி நடக்கும்போது அவன் சொன்னான். மனைவி இறந்த அன்று காலை வேலைக்குப் புறப்பட்டு அவன் படியிறங்கியபோது அவள் வாசலில் நின்றாள். சொன்னாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே கையைப் பின்னால் விட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"இஞ்சருங்கோ, சேட்டுப் பின்னால வெளிய நிக்குது."