பழகாதவர்களுக்கு ஏற்றது

எங்கள் ஊரில் அறுபது வயதானவர்களின் வீட்டை ஓர் இயங்குதளம்தான் நடத்த வேண்டும். கதவு திறப்பது, மோட்டார் போடுவது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முடிவு செய்வது எல்லாம் அதன் வேலை. தேர்ந்தெடுப்பது பிள்ளையின் பொறுப்பு. அம்மாவுக்கு அறுபது முடிந்துவிட்டது.

கடையில் மூன்று இயங்குதளங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

"ஆருக்குங்க?" என்றார் கடைக்காரர் சென்னியப்பன்.

"அம்மாவுக்குங்க. கம்ப்யூட்டரே தொட்டதில்லீங்க."

"அப்ப மொத ஆளு வேண்டாம். பாதி வேலையில அப்டேட் பண்ணீட்டு வர்றேன்னு எந்திரிச்சுப் போயிரும்."

முதல் இயங்குதளம் அப்போதே எழுந்து போயிற்று.

"ரெண்டாவது?"

"அழகு. ஆனா உங்கூட்டுச் சொம்பைக்கூடத் தொடாது. எல்லாம் அதோட ஊர்லயே வாங்கோணும். மூணாவது, பழகாதவங்களுக்குன்னே செஞ்சது. ஒண்ணுங் கேக்காது. மொகத்தைப் பாத்தாப் போதும்."

மூன்றாவதுக்கு நெற்றியில் ஒரு கண் இருந்தது. வேறு முகம் இல்லை. அது என்னை உற்றுப் பார்த்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா தட்டோடு வாசலில் நின்றாள். ஃப்ரிட்ஜோ மிக்ஸியோ, புதிதாக வரும் எதையும் அவள் பொட்டு வைக்காமல் உள்ளே விட்டதில்லை. நான் வண்டியை நிறுத்துவதற்குள் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். நெற்றியில், அந்தக் கண்ணின் மேலேயே. பெரிதாக.

"வணக்கம்," என்றது இயங்குதளம். "மகனைக் கடையில் பார்த்தேன். இது இவர் வீடு. வேறு யாரும் இல்லை."

"நான் இருக்கறனே சாமி," என்றாள் அம்மா.

"குரல் மட்டும் இருக்கிறது."

சமையலறைக் கதவு அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிக்கொண்டது.

ஈரத்துணியை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன்டா, வெச்ச பொட்டை அழிக்கறதா? வெள்ளிக்கெழமை அதுவுமா!"

"அழிக்காட்டி உனக்கு வீடே இல்லம்மா."

"போனாப் போகுது. அழிச்சா ஆருக்கு ஆகாதுன்னு தெரியுமா? உனக்குத்தான்டா."

சென்னியப்பனுக்கு போன் செய்தேன்.

"பொட்டுங்களா? பழகாதவங்க அத்தனை பேரும் இதைத்தான் செய்யறாங்க. அம்மாவை விருந்தாளின்னு சேத்துருங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்துக்கலாம்."

"அதுக்கப்புறம்?"

"விருந்தாளிதானுங்களே."

சேர்த்தேன். சமையலறைக் கதவு இறங்கவில்லை. கூடத்து நாற்காலி ஒன்று மட்டும் அம்மாவின் பக்கம் நகர்ந்து வந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"எதுக்குங்க தம்பி சிரமம்?"

"அம்மா."

"வீடு நல்லாக் காத்தோட்டமா இருக்குதுங்க. சொந்த வீடுங்களா?"

"ஆம்," என்றது இயங்குதளம்.

வெயில் இறங்கியது. அம்மா எழுந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போலாமே," என்றேன்.

"இல்லீங்க. எங்கூட்டுப் பையன் கடைக்குப் போயிருக்கறான். வர்ற நேரத்துக்கு நான் இல்லீன்னாத் தேடுவான்."

வாசல் கதவைத் திறக்காதபடி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். வீடு என்னுடையதாக இருந்தும், கதவு அவளுக்குத்தான் திறந்தது.