முன்பக்கத்து மேசை

சூளகிரியில் பஸ் நிற்கும் இடத்தில் இருந்த கிருஷ்ணப்பனின் காப்பிக் கிளப்பில் தீர்த்தகிரி பதினோரு வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தான். சம்பளம் கிடையாது. இரண்டு வேளைச் சாப்பாடு; மற்றபடி பெங்களூர் பஸ்ஸில் வருகிறவர்கள் டம்ளர் ஓரம் வைத்துவிட்டுப் போகும் இனாம்தான் பிழைப்பு. அதனால் முகம் பார்க்கப் பழகியிருந்தான். வெள்ளைச் சட்டைக்குக் கேட்காமலே இரண்டாவது கரண்டி சட்னி விழும். கன்னடத்தில் கேட்டால் கன்னடம், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. திட்டினாலும் சிரிப்பான். வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சிரிப்பு வாயை விட்டு இறங்கச் சற்று நேரம் பிடிக்கும்.

பின்கட்டில் பாத்திரம் கழுவும் லூர்தம்மாளுக்கு இனாம் வைக்க ஆளில்லை. மாதம் ஆறு ரூபாய். சாம்பலிலும் தண்ணீரிலும் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

ஓட்டல் ஆட்களுக்கு இவ்வளவு சம்பளம் என்று சட்டம் வந்திருக்கிறது, விசாரிக்க அதிகாரி வருகிறார் என்று பேச்சு அடிபட்டதும், கிருஷ்ணப்பன் ஒரு புது நோட்டில் இருவரிடமும் ரேகை வாங்கினார். "ஆளுக்கு முப்பது ரூபான்னு சொல்லிருங்க" என்றார்.

அன்றைக்கே லூர்தம்மாள் தீர்த்தகிரியிடம் வந்தாள். "நீ நெசத்தச் சொன்னீன்னா நானும் சொல்றண்ணா. ஒத்தையாச் சொன்னா எடுபடாது."

"சொல்றன்" என்றான். அந்த நேரத்தில் அவன் பொய் சொல்லவில்லை.

அதிகாரி வந்ததும் முதலில் அவனைத்தான் கூப்பிட்டார். கிருஷ்ணப்பன் கல்லாவில் இருந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரிக்கு ஓசூரில் ஒரு ஓட்டல் ஞாபகம் வந்தது. அங்கே சம்பளம் கொடுக்க ஆரம்பித்ததும் 'இனாம் கொடுக்காதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள். இரண்டு மாதத்தில் சம்பளம் நின்றுபோனது. பலகை மட்டும் அப்படியே இருந்தது.

"முப்பது ரூபா குடுக்கறாங்க சாமி."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த லூர்தம்மாளை அதிகாரி கூப்பிட்டார்.

"எனக்கு ஆறு ரூபாதானுங்க."

"இது உன் ரேகைதானே?"

"வெச்சது நாந்தானுங்க. வாங்குனது ஆறு."

அதிகாரி தீர்த்தகிரி பக்கம் திரும்பினார். "இந்தம்மா சொல்றது நிஜமா?"

"நான் முன்பக்கமுங்க. பின்பக்கத்துச் சங்கதி எனக்குத் தெரியாதுங்க."

அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார். அவர் ஏறிய பஸ் கண்ணுக்கு மறைவதற்குள் கிருஷ்ணப்பன் லூர்தம்மாளின் பாக்கிக் கூலியை எடுத்து நீட்டினார். "நாளையிலேர்ந்து வரவேணாம்மா." அவள் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

வீட்டுக்குத்தான் போகிறாள் என்று தீர்த்தகிரி நினைத்தான். அவளோ சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை அவள் மிதித்ததில்லை. நடு மேசையில் உட்கார்ந்தாள்.

"ஒரு காப்பி குடுண்ணா."

கிருஷ்ணப்பன் வாயைத் திறந்தார். சுற்றிலும் வெளியூர் ஆட்கள் இருந்ததால் மூடிக்கொண்டார். தீர்த்தகிரி காப்பியைக் கொண்டுவந்து வைத்தான். வைக்கும்போது பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டான். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே ஆற்றி ஆற்றிக் குடித்தாள். கல்லாவில் காசு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, டம்ளர் ஓரம் ஒரு நாலணாவை வைத்தாள். அவளுடைய ஒரு நாள் கூலியை விட அதிகம்.

"எடுத்துக்கண்ணா."

அவள் படியிறங்கும்போதே கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. ஆட்கள் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள். தலைப்பாகைக்காரர் ஒருவர் நடு மேசையில் வந்து உட்கார்ந்து, காசை விரலால் சுட்டினார்.

"ஏம்ப்பா, இது உன்னுதா?"

தீர்த்தகிரி ஈரத்துணியால் அந்தக் காசைச் சுற்றிச் சுற்றி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.