கழுவாத குடல்

உறைபனிக் கடலிலும் உறையாத மீனை ஆராயும் அண்டார்டிகா நிலையத்தில் மற்றவர்களெல்லாம் மீனின் ரத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். புதிதாக வந்த டோரீன் தலையில் குடலை ஆராயும் வேலை விழுந்தது.

ரத்தமாவது பார்க்க லட்சணமாக இருக்கும். குடலில் கத்தி பட்டதுமே பச்சையும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று வழியும். நடுவில் பாதி செரித்த இறால். கையுறையைக் கழற்றி எறிந்தாலும் அந்தப் பிசுக்கு விரலிலேயே நிற்பதுபோல இருக்கும் அவளுக்கு.

"குடல்காரி வந்தாச்சு! அந்தப் பக்கம் உக்காருங்க அம்மணி, சூப்பு திரிஞ்சுடும்" என்பான் சமையல்காரன் வென்டல்.

பொறுக்கமாட்டாமல் டோரீன் ஒரு காரியம் செய்தாள். குடலைக் குழாயடியில் பிடித்து நன்றாக அலசிவிட்டு, மிஞ்சியதைக் குப்பியில் பிழிந்து தலைமை ஆய்வாளர் லாவெர்னிடம் நீட்டினாள். அந்தச் சாற்றைக் கடல்நீரின் அளவுக்குக் குளிரவைத்து லாவெர்ன் ஒரு பனித்துணுக்கைப் போட்டதுமே அது கல்லாக உறைந்துவிட்டது.

லாவெர்ன் குப்பியை மோந்து பார்த்தாள். "வாடையே இல்லையே! கழுவினியா?"

"குமட்டுது லாவெர்ன். என்னால முடியல."

"அடிப்பாவி! நீ கழுவிக் கொட்டினதுதான் நமக்கு வேணும். இந்த மீன் பனித்துணுக்கையும் சேர்த்துத் தண்ணியைக் குடிக்குது. மொதல்ல உறையறது எது? குடல்தானே? ஒரு காலத்துல இரையைச் செரிக்க வச்ச மரபணுவுல ஒரு துண்டு மாறி மாறி, பனியில ஒட்டிக்கிட்டு அதை வளரவிடாத புரதமாச்சு. கடல் குளிர்ந்தப்போ அது வாய்ச்ச மீனுங்க தப்பிச்சுது."

"அப்போ ரத்தத்துல இருக்கறது?"

"குடல்ல இருந்து போய்ச் சேர்றதும் அதுல உண்டு."

சீ என்றாகிவிட்டது டோரீனுக்கு. ரத்தம்கூடச் சுத்தமில்லை!

மறுநாள் பனித்துளையிலிருந்து பிடித்துவந்த மீன்களை அறுத்தாள். மூக்கடியில் தைலம் தடவியும் பயனில்லை. இரண்டாவது மீனிலேயே வாளியில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். சொட்டு நீர் சேர்க்காமல் பிழிந்தாள்.

இந்த முறை பனித்துணுக்கு போட்டது போட்டபடி கிடந்தது. சுற்றிலும் அந்தக் குடல் சளி உறையவே இல்லை.

"பாத்தியா!" என்று லாவெர்ன் குதித்தாள். டோரீன் எட்டிப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாட்டு வேளையில் வென்டல் சுட்ட மீனைக் கொண்டுவந்து வைத்தான். "குடலை எடுத்துட்டேன், பயப்படாதீங்க."

"எடுத்துட்டுப் போய்யா!" என்று தட்டைத் தள்ளினாள். வெறும் ரொட்டியைக் கடித்தபடியே, நாளைக்கு எத்தனை மீன் என்று லாவெர்னிடம் கேட்டாள்.